கூரையைப் பிரிக்கும் நேரம்

1971-இல் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் முதலில் கைவைத்த இடங்களில் ஓசூரும் ஒன்று. 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும், வேலை தேடி வந்தவர்களுக்கான லைன் வீடுகளும் பின்னாலேயே பெருகின. பட்டறைக்கும் லைன் வீட்டுக்கும் எளிதில் கட்டுப்படியான கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கீற்றைப் போல எரியாது, தகரத்தைப் போலத் துருப்பிடிக்காது, சென்ட்ரிங் அடித்துக் காத்திருக்கவும் வேண்டாம். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. கீற்றுக்குப் பயந்து ஷீட்டுக்கு மாறியவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. என் கவலையெல்லாம் அந்தக் கூரைகளை இன்று பிரிப்பவர்களைப் பற்றியது.

ஷீட்டில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், அதுவும் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது, எனவே ஆபத்தில்லை என்பது உற்பத்தியாளர்களின் வாதம். உடையாத ஷீட்டுக்கு அது பெருமளவு பொருந்தும். ஆனால் முப்பது வருட மழையில் மேற்பரப்புச் சிமெண்ட் அரித்துப்போய் இழை வெளியே தெரியத் தொடங்கும். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருவேறி ஸ்பேனருக்கு அசையாது. அவசரத்தில் சுத்தியலால் ஷீட்டையே உடைத்துக் கீழே தள்ளுகிறார்கள். விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. நுரையீரலுக்குள் போன இழை நோயாக வெளிப்பட இருபது, நாற்பது வருடங்கூட ஆகும். இடித்த அன்று யாரும் இருமாததால் ஆபத்தில்லை என்று முடிவுகட்ட முடியாது.

இந்தத் தாமதத்தைச் சட்டம் அறியாமலில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமோ, வேலையை விட்டபின் 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. ஷீட் செய்தவருக்கு இப்படி ஒரு ஏடு இருக்கிறது. ஷீட்டை உடைப்பவருக்கு எந்த ஏடும் இல்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தினக்கூலி இன்று ஓசூரின் ஜூஜூவாடியில் உடைப்பார், நாளை எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் உடைப்பார். நோய் வரும்போது எந்த மாநிலத்தின் எந்தக் கூரை காரணம் என்று யார் சொல்வது?

ஏழைகளின் கூரையைப் பிடுங்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. நல்ல நிலையில் உள்ள ஷீட்டைத் துளைபோடாமல், உலர்ந்த பாசியைச் சுரண்டாமல் அப்படியே விடுவதே மேல். இறக்கித்தான் ஆகவேண்டுமென்றால் தண்ணீர் பீய்ச்சி நனைத்து, ஷீட்டை விட்டுவிட்டு போல்ட்டை அறுத்து, முழுசாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றிக் கட்டவேண்டும். சாதாரணத் துணி முகமூடி இந்த இழையைத் தடுக்காது. இதற்குக் கூடுதல் கூலியும் அரைநாள் நேரமும் பிடிக்கும். அதை இடிக்கச் சொல்லும் உரிமையாளர்தான் தரவேண்டும். ஓசூர் மாநகராட்சி, இடிப்பதற்கு அனுமதி தரும்போதே கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா, உடைந்த ஷீட் எங்கே போகும் என்ற இரண்டையும் எழுதி வாங்கட்டும்.