வெள்ளாற்றுக்குத் தெற்கே ஒரு கடல்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு சில மாதம் தங்கிவிட்டு வரும் நம் பக்கத்துப் பெற்றோர் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் படங்களை ஆசையோடு காட்டுவார்கள். அதே அரிசோனா மாநிலத்தின் கிழக்கே உள்ள கல்மரக் காட்டுக்கும் சிலர் போய் வந்திருப்பார்கள். ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வண்டலில் புதைந்த மரங்கள் அவை. எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா நிலத்தடி நீரோடு மரத்துக்குள் ஊறி, நாரையெல்லாம் கல்லாக்கியது. இரும்பும் மாங்கனீசும் அதற்குச் சிவப்பும் மஞ்சளும் கருப்பும் தீற்றின. 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1962இல் அது தேசியப் பூங்கா ஆனது.

திட்டக்குடியிலிருந்து வெள்ளாற்றைத் தாண்டி அகரம்சீகூர் வழியாகத் தெற்கே போகிறவர்கள் இதற்கு இணையான ஒரு நிலத்துக்குள்தான் நுழைகிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். ஊசியிலை மர வகையைச் சேர்ந்த அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. அரிசோனா மரங்கள் ஆற்றில் புதைந்தவை. சாத்தனூர் மரமோ ஆற்றோடு வந்து கடலில் புதைந்தது.

ஆம், கடல்தான். இந்தியாவின் கிழக்கு விளிம்பு அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபின், கிரெட்டேசியஸ் என்னும் தொல்புவிக் காலத்தில் கடல்நீர் இன்றைய அரியலூர், பெரம்பலூர், விருத்தாசலம் வரை உள்ளே ஏறியது. அக்காலத்திலேயே வட அமெரிக்காவையும் ஒரு கடல் வடக்கு தெற்காகப் பிளந்திருந்தது. கான்சாஸ் சமவெளியில் தனித்து நிற்கும் சுண்ணப் பாறைகள் அதன் அடித்தரை. நம் கடலின் தரையைக் காரை கிராமத்தில் காணலாம். புல் முளைக்காத மழையரிப்பு நிலம், குறுக்கே ஓடும் ஜிப்சக் கீற்றுகள், இடையிடையே சுருள் சுருளாக அம்மோனைட்டு என்னும் பழங்காலக் கடலுயிரின் கல்லான ஓடுகள். அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச்சென்றதே.

இதையெல்லாம் உலகம் எப்போதோ அறிந்துவிட்டது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய சிப்பி, சங்கு, அம்மோனைட்டுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். நம் விருத்தாசலத்தின் பெயர் உலகப் புவியியல் ஏட்டில் ஏறியது அப்படித்தான். 1862இல் பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர் இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குப் பிரித்தார். இன்றைய ஆய்வாளர்களும் அந்தப் பெயர்களையே சொல்கிறார்கள். பிறகு ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் இங்குள்ள புதைபடிவ உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக வருணித்தார். 1874இல் லடாக்கின் மலைப்பாதையில் அவர் இறந்தபோது வயது 36 மட்டுமே.

அமெரிக்காவிடமிருந்து நாம் முதலில் கேட்டறிய வேண்டியது அவர்கள் இழந்த கதையை. தெற்கு டகோட்டா மாநிலத்தில் சைகாட் போன்ற ஒரு தொல்தாவரத்தின் கல்லான அடிமரங்கள் நிறைந்திருந்த இடத்தை 1922இல் தேசிய நினைவுச் சின்னம் ஆக்கினார்கள். காவல் வைக்கவில்லை. ஆய்வுக்கென்றும் நினைவுக்கென்றும் ஆளுக்கொன்றாக எடுத்துப் போக, மேற்பரப்பில் பார்க்க ஒன்றுமே மிஞ்சவில்லை. 1957இல் அரசு அந்தத் தகுதியையே நீக்கிவிட்டது. அரிசோனாவில் கல் எடுத்துச் சென்றவர்கள் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புவதுண்டு. வந்த கல்லைப் பூங்காக் காவலர்கள் மீண்டும் காட்டில் வைப்பதில்லை. தனியே குவித்து வைக்கிறார்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத கல் ஆய்வுக்கு உதவாது.

யூட்டா மாநிலத்தில் இதற்கு நேர்மாறான காட்சி. 1909இல் ஏர்ல் டக்ளஸ் கண்டுபிடித்த டைனோசர் எலும்புப் படுகையில் ஏராளமான எலும்புகளை வெளியே எடுத்தபின், மீதியைப் பாறைச் சுவரிலேயே விட்டு, அதைச் சுற்றிக் கட்டடம் எழுப்பினார்கள். ஏறத்தாழ 1,500 எலும்புகளை இன்றும் அவை கிடந்த நிலையிலேயே பார்க்கலாம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டிலும் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் அங்கிருந்து புருஹத்காயோசாரஸ் என்ற பேருருவ விலங்கை அறிவித்தார்கள். அளவில் அது உலகின் மிகப் பெரிய டைனோசர்களுள் ஒன்றாக இருக்கலாம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தீர்த்து வைக்க எலும்பு இல்லை, நொறுங்கிப் போயிற்று. எனக்கு இது ஒரு கோயில் சிலை உடைந்த செய்திக்குச் சற்றும் குறையாத துக்கம்.

சாத்தனூர் மரத்துக்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் உண்டு. காரையின் திறந்த நிலத்துக்கு அதுவும் தேவை, ஊரறிந்த காவலாள் ஒருவரும் தேவை. சுண்ணாம்புச் சுரங்கங்களில் வெட்டு நடக்கும்போதே புவியியல் படித்த ஒருவர் நின்று பார்த்துக் குறித்துவைக்க ஏற்பாடு வேண்டும். திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் பள்ளிகள் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போகும் ஆண்டுகளில் ஒன்றையாவது சாத்தனூருக்கும் காரைக்கும் ஒதுக்கலாம். கூட வரும் ஆசிரியர் கிளம்பும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கண்டதை வரைந்துகொள்ளுங்கள், படம் எடுங்கள், கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.