எழுதிக் கொடுக்காத வேலைக்கும் சட்டம் உண்டு

இந்த முறை கொஞ்சம் சட்ட வரலாறு. பயந்து ஓடிவிடாதீர்கள்!

எங்கள் திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் என் சித்தி மகள் நாலு வருடம் வேலை பார்த்தாள். காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் போனபோது, "இனிமே வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். "போய்க் கேளுங்க சித்தி" என்றேன். "எழுதிக் குடுத்த வேலையா அது, கேக்குறதுக்கு?" என்றார் சித்தி. அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

முதலில் கண்ணில் பட்டது 1859-ம் வருடச் சட்டம் ஒன்று. வேலை ஒப்பந்த மீறல் பற்றியது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலைக்குப் போ என்று உத்தரவு வரும். அதையும் மீறினால் 3 மாதம் வரை கடுங்காவல். சொன்ன சொல்லை முதலாளி மீறினால்? இந்தச் சட்டத்தில் அவருக்குத் தண்டனையே கிடையாது! ஒப்பந்தம் என்பது ஒரு பக்கம் மட்டும் கட்டும் கயிறாக இருந்தது. 1925-ல்தான் இதை நீக்கச் சட்டம் வந்தது.

இடையில் சென்னையில் ஒரு முக்கியமான சம்பவம். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். 1920-ல் பெரம்பூர் பின்னி மில் தகராறு முற்றியபோது, 'வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள்' என்று சங்கத் தலைவர்கள்மேல் நிர்வாகம் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தடை உத்தரவும் கொடுத்தது. இந்த மாதிரி வழக்குகளிலிருந்து பதிவு பெற்ற சங்கங்களைக் காப்பாற்றியது 1926-ம் வருடத் தொழிற்சங்கச் சட்டம்.

பிறகு காற்று திசை மாறியது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் வேலை நேரம், விடுப்பு, தண்டனை எல்லாவற்றுக்கும் விதிகளை எழுதி, அரசு அதிகாரியிடம் சான்று வாங்கி, தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் வாசலருகே ஒட்ட வேண்டும் என்றது 1946-ம் வருட நிலையாணைச் சட்டம். சரி, கடைகளுக்கு? அதற்கு 1947-ல் சென்னை மாகாணம் போட்டதுதான் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். வார விடுமுறை அதில் இருக்கிறது. 2021-ல் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதையும் சேர்த்தார்கள்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் 41-ம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி நிரூபித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம்.

இதில் எங்கேயும் 'கடிதம் இருந்தால்தான்' என்று இல்லை. வாயால் சொல்லி வைத்த வேலையும் வேலைதான். வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. நிலையாணைச் சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் போய்விட்டது; வரம்பும் 100-லிருந்து 300 பேராக ஏறிவிட்டது. இது நஷ்டம். இன்னொரு தொகுப்பின்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் கட்டாயம். இது லாபம்.

சித்தி மகள் இப்போது வீட்டில் பழைய பொருளையெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறாள். சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், கடை கொடுத்த அடையாள அட்டை இரண்டும் கிடைத்துவிட்டன. அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகம் போகிறோம். பகுதி நேரமாகக் கடைகளில் வேலை பார்க்கும் நம் வகுப்பு நண்பர்களே, சேர்ந்த தேதியை இன்றே எங்காவது குறித்து வையுங்கள்.