சாம்பல் பெய்த கடலில் சூரை மீன்கள்

1954 மார்ச் 1, விடியும் நேரம். பசிபிக் கடலில், மார்ஷல் தீவுக்கூட்டத்துக்கு அருகே, சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது ‘டைகோ ஃபுகுரியு மாரு’ என்ற ஜப்பானிய மரப்படகு. படகில் 23 பேர். திடீரென மேற்கு வானம் வெளுத்தது. சில நிமிடங்களில் இடி போன்ற முழக்கம். கடலில் கிலோமீட்டர் கணக்கில் விட்டிருந்த தூண்டில் கயிற்றை அறுத்துவிட்டு ஓட எந்த மீனவனுக்கு மனம் வரும்? மணிக்கணக்கில் உட்கார்ந்து இழுத்தார்கள். அதற்குள் வானிலிருந்து வெண்ணிறத் தூள் கொட்டத் தொடங்கியது. தலைமுடி, கழுத்து, படகின் தளம், பிடித்த மீன் என்று எல்லாவற்றின்மேலும் படிந்தது.

சுமார் 160 கிலோமீட்டர் மேற்கே, பிகினி பவளத்தீவில், அமெரிக்கா ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்திருந்தது. எதிர்பார்த்தது 6 மெகாடன் அளவு. வெடித்தது 15 மெகாடன். அதாவது ஹிரோஷிமாவைப் போல் ஆயிரம் மடங்கு. எரிபொருளில் பாதிக்குமேல் இருந்த லித்தியம்-7 வினையில் கலக்காது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அதிவேக நியூட்ரான்கள் தாக்கியதும் அதுவும் டிரிட்டியம் தந்து வெடிப்பைப் பெருக்கிவிட்டது. பொடியான பவளப்பாறைதான் கதிரியக்கத்தைச் சுமந்துகொண்டு சாம்பலாக இறங்கியது.

அதே சாம்பல் ரொங்கெலாப் தீவு மக்கள்மீதும் பெய்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்தத் தவற்றைச் செய்யாமல், அடுத்த வாரம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். இந்த வாரம் மீனைப் பார்ப்போம்.

மார்ச் 14 அன்று படகு யைசு துறைமுகத்துக்குத் திரும்பியது. ஆட்களின் தோல் கறுத்திருந்தது, முடி உதிர்ந்துகொண்டிருந்தது. மீன் மட்டும் வழக்கம்போல ஏலத்துக்குப் போய்விட்டது. யோமியூரி பத்திரிகை 16ஆம் தேதி செய்தியை வெளியிட்டபோது அதில் ஒரு பகுதி டோக்கியோவின் ட்சுகிஜி சந்தைக்கே வந்து சேர்ந்திருந்தது. அதைச் சந்தை வளாகத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். ஊரெங்கும் ‘அணுகுண்டுச் சூரை’ என்ற பேச்சு. நல்ல மீனையும் வாங்க ஆளில்லை. அரசு ஐந்து துறைமுகங்களில் கைகர் கருவியோடு ஆட்களை நிறுத்தியது. 10 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்த்து, நிமிடத்துக்கு 100 துடிப்பைத் தாண்டினால் அந்த மீன் கழிவு. ஆண்டு முடிவதற்குள் 850க்கும் மேற்பட்ட படகுகளின் மீன் இப்படிச் சிக்கியது. கழித்துக் கட்டியது 480 டன்னுக்கும் அதிகம்.

அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் மார்ச் 31 அன்று பத்திரிகையாளர்களிடம் பேசினார். படகு தடை செய்த எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும். தோல் புண்ணுக்குக் காரணம் கதிர்வீச்சு இல்லை, பவளத் தூளின் வேதிவினை என்றார். இரண்டுமே தவறு. படகின் வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார், வயது 40. மீனவர்கள் பத்திரப்படுத்தியிருந்த சாம்பலை ஆராய்ந்த டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்ஜிரோ கிமுரா குழு அதில் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டது. குண்டில் இருந்த சாதாரண யுரேனியமும் பிளந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அமெரிக்கா பூட்டிவைத்த ரகசியத்தை மீனவர்கள் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்!

அந்தக் காலத்து நம்பிக்கை எளிமையானது: கடல் பெரிது, எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும். ஜப்பான் அரசு சும்மா வாதாடிக்கொண்டிருக்காமல் மே மாதம் ‘ஷுன்கொட்சு மாரு’ என்ற கப்பலில் விஞ்ஞானிகளை பிகினி பக்கமே அனுப்பியது. பிகினிக்கு மேற்கே 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலும், நீரோட்டத்தின் போக்கில், கடல்நீரில் கதிரியக்கம் தென்பட்டது. நீரைவிட மிதவை உயிரிகளில் அது பல மடங்கு அதிகம். நீரில் கரைந்து கிடப்பதை உயிர்கள் உறிஞ்சித் தம் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. மிதவை உயிரியைத் தின்னும் சிறு மீன், அதைத் தின்னும் சூரை என்று அது கைமாறுகிறது. சூரையின் உடலில் அதிகம் கிடைத்தது துத்தநாகம்-65. அணுப் பிளவில் பிறக்கும் பொருளே அல்ல அது. குண்டின் நியூட்ரான்கள் சாதாரண துத்தநாகத்தில் பாய்ந்து உண்டாக்கியது. மீனுக்குத் துத்தநாகம் வேண்டும், நல்லது கெட்டது பிரிக்க அதற்குத் தெரியாது. மேல்தோலில் ஒட்டிய தூள் என்றால் கழுவிவிடலாம், இதை என்ன செய்வது?

அதே மே மாதம் ஜப்பானில் பெய்த மழையிலும் கதிரியக்கம் இருந்தது. அடுக்கு மண்டலம்வரை போன துகள்கள் ஆண்டுக்கணக்கில் மிதந்து உலகெங்கும் இறங்கின. சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு நாடாளுமன்றத்தில் கேட்டது ஏப்ரல் 2 அன்று, பிராவோ வெடித்து ஐந்தாவது வாரம். ஜப்பானில் பெண்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கம் 3 கோடியைத் தாண்டியது.

ஜப்பான் அரசோ டிசம்பர் 31 உடன் மீன் பரிசோதனையை நிறுத்திக்கொண்டது. நான்கே நாளில், 1955 ஜனவரி 4 அன்று, 20 லட்சம் டாலருக்கு உடன்பாடு. பணம் தருகிறோம், சட்டப்படி பொறுப்பேற்கவில்லை என்றது அமெரிக்கா. இரண்டு தேதிகளும் தற்செயலாக ஒட்டி வந்தன என்று நம்புவது கடினம்.

அளப்பதை நிறுத்தாதவர்களும் இருந்தார்கள். யசுவோ மியாகே, கட்சுகோ சருஹாஷி என்ற இரு வேதியியலாளர்கள் கடல்நீரில் சீசியம்-137 அளவைத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். ஜப்பானை ஒட்டிய கடலில் அது அமெரிக்கக் கரையைவிட மிக அதிகம் என்றார்கள். அளவீடே பிழை என்றார்கள் அங்குள்ள சிலர். 1962இல் சருஹாஷி கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்கே போய், அங்கிருந்த தியடோர் ஃபோல்சமின் முறையோடு தன் முறையை ஒப்பிட்டுக் காட்டினார். எண்கள் பொருந்தின.

மறு ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் வளிமண்டலத்திலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதிப்பதில்லை என்று மாஸ்கோவில் கையெழுத்திட்டன. நிலத்தடியில் சோதிக்கத் தடையில்லை. பிரான்ஸும் சீனாவும் அந்தப் பக்கமே வரவில்லை. 1966இல் தென் பசிபிக்கின் முருரோவா பவளத்தீவில், திறந்த வெளியில், பிரான்ஸ் தன் சோதனைகளைத் தொடங்கியது.