மிதித்தது பிரேக்கை இல்லை

சேவூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன். பனியன் கம்பெனியில கட்டிங் வேலை. வலது மணிக்கட்டு உடைஞ்சு வந்தான். "வண்டி என்னுது இல்லீங்க டாக்டர், மாமாவோட பழைய புல்லட்டுங்க. அவிநாசி ரோட்ல நாய் குறுக்க வந்துருச்சு. பிரேக்கை ஓங்கி மிதிச்சேன், வண்டி நிக்கவே இல்லீங்க."

பிரேக்ல கோளாறு இல்லை. அவன் மிதிச்சது கியரை. அவன் தினமும் ஓட்டுற வண்டியில பிரேக் வலது காலில். மாமா வண்டியில அது இடது காலில். 

ஏன் இப்படி ஒரே நாட்டுல ரெண்டு விதம்? கொஞ்சம் பழைய கதை, பொறுமையா வாங்க.

அந்தக் கால இங்கிலாந்து பைக்குகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1950களில் நம்ம ராணுவத்துக்காக வந்த புல்லட்டும் அப்படித்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை. அந்த அமைப்பு அப்படியே நம்ம ஊரில் தங்கிடுச்சு. அதிலும் ஒரு வம்பு: பழைய புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. பதற்றத்தில் வலது காலை ஓங்கி மிதிச்சா வண்டி அடுத்த கியருக்குப் போகும்!

ஜப்பான் வண்டிகளில் இது தலைகீழ்: கியர் இடது, பிரேக் வலது. 1970களின் நடுவில் அமெரிக்கா, இங்கே விக்கிற பைக்கில் கியர் இடது காலில்தான் இருக்கணும்னு சட்டம் போட்டது. ஆளுக்கொரு மாதிரி இருந்தா ஓட்டுறவன் குழம்புவான்னுதான். அங்கே பைக் விற்ற இங்கிலாந்துக் கம்பெனிகளும் கால் மாத்தவேண்டி வந்தது. புல்லட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. இங்கே கியர் இடது பக்கம் மாற 2000கள் ஆகிடுச்சு. மைசூரில் தயாரான எஸ்டியில் ஆரம்பத்திலிருந்தே பிரேக் வலது காலில். ஒரே தெருவில் ரெண்டும் நின்ன காலம் அது.

அடுத்து ஸ்கூட்டர். 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கில் இடது கையில் கிளட்ச்சும் கியரும், பின் பிரேக் வலது காலில். 2001இல் வந்த ஹோண்டா ஆக்டிவாவில் காலுக்கு வேலையே இல்லை. பின் பிரேக் இடது கைக்கு வந்துடுச்சு. அதாவது பைக்கில் கிளட்ச் இருக்கும் அதே இடம்.

திருப்பூர் பக்கம் இது சாதாரண விஷயம் இல்லீங்க. வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக். நைட் ஷிஃப்டுக்கு எது நிக்குதோ அதை எடுத்துட்டுப் போறாங்க. ஸ்கூட்டர் பழக்கத்தில் பைக்கோட இடது லிவரைப் பிடிச்சா என்ன ஆகும்? இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டு, வண்டி பாட்டுக்கு உருண்டு போகும். பைக் பழகினவர் ஸ்கூட்டரில் போனா, வலது கால் வெறும் ஃப்ளோர்போர்டைத்தான் மிதிக்கும். ரெண்டு வகையும் என் ஓபிக்கு வந்திருக்காங்க.

"எனக்குத் தெரியும் டாக்டர், ஆனா அந்த நேரத்துல..." அப்படின்னு எல்லாரும் சொல்வாங்க. அது பொய் இல்லை. திரும்பத் திரும்பச் செஞ்ச அசைவுகளை மூளை தனியா ஒரு வகை நினைவா வச்சிருக்கு. பேசல் கேங்லியாவும் சிறுமூளையும் அதில் முக்கியம். ஆபத்துன்னா யோசிக்கிற பகுதிக்கு முன்னாடி பழகின கால் போயிடும். 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை லாஸ் ஏஞ்சலிஸில் 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்தது. பொதுவா தப்பிக்கக் கிடைச்ச நேரம் 2 வினாடிக்கும் குறைவு. பெரும்பாலானோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கி, முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவே இல்லை.

முன் பிரேக்கைத் தொடாதேன்னுதான் எங்க அப்பாவும் சொல்லிக் கொடுத்தார். அவர் ஓட்டினது சேத்தக். 10 இஞ்ச் சக்கரம், இன்ஜின் எடை ஒரு பக்கம், ரோட்டோரம் மணல். அவருக்கு அது சரி. ஆனா பிரேக் போட்டா எடை முன் சக்கரத்துக்கு மாறும். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான். பெரிய சக்கரப் பைக்கிலும் அதே அறிவுரையைப் பிடிச்சுக்கிட்டா நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும்.

1999 சிபிஇசட், 2001 பல்சர் எல்லாம் வந்து டிஸ்க் பிரேக் பரவினப்போ எதிர்ப்பக்கப் பிரச்சினை. டிரம் பிரேக்கில் கை முழுக்க இறுக்கிப் பழகினவர் அதே பலத்தை டிஸ்க்கில் காட்டினா முன் சக்கரம் பூட்டிக்கும். தோள் எலும்பு முறிவு அப்படித்தான் வரும்.

2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் எல்லாப் புது வண்டிக்கும் சட்டம் வந்தது. 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ். 125 வரை ஏபிஎஸ் அல்லது ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ். நல்ல சட்டம். ஆனா பல வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் இன்னும் பூட்டும். மாமாவின் புல்லட்டுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது.

அடுத்தவர் வண்டியை எடுத்தா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கும் எங்கேன்னு தொட்டுப் பாருங்க. காலி இடத்தில் மெதுவா ஓட்டி, பத்துத் தடவையாவது நிறுத்திப் பாருங்க. முன் பிரேக்கை வெடுக்குன்னு பிடிக்காம, படிப்படியா இறுக்குங்க.

பையனுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. மாமா இப்போ புல்லட் டேங்க் மேல பேப்பர் ஒட்டியிருக்காராம்: "பிரேக் இடது கால்." ஓட்டும்போது அதை எங்கே படிக்கிறதுன்னு கேட்டேன். சிரிச்சான்.