சொல் முதலில் போகும் நோய்: ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புத்தளம் வந்து சேர்ந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் தில்லையடியில் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். சோனகத் தெருவில் எந்த வளவு யாருடையது, எருக்கலம்பிட்டியில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்பதெல்லாம் பெரும்பாலும் எழுத்தில் இல்லை, அவர்கள் வாயில் இருக்கிறது. அதனால்தான் வாயிலுள்ள சொல்லை முதலில் பிடிக்கும் ஒரு நோயைப் பற்றி எழுதுகிறோம்.

டிமென்ஷியா என்றால் மறதி என்றே நாங்கள் நினைக்கிறோம். இந்த வகையில் ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருக்கும். பள்ளிவாசலுக்கு வழி தெரியும், கடையில் மிச்சக் காசு சரியாக எண்ணி வாங்குவார். ஆனால் கோப்பையைக் காட்டினால் “அது... அந்தக் குடிக்கிறது” என்பார். பல பேருக்கு அறுபதுக்கு முன்பின்னாகவே தொடங்கிவிடுவதால் வீட்டார் கவலை, கோபம், பிடிவாதம் என்று எதையாவது சொல்லிக் கடத்திவிடுவார்கள்.

1861இல் பாரிஸில் டொக்டர் புரோக்கா, “டான்” என்ற ஒரே ஓசையைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாத ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் பார்த்தார். இடது பக்க முன்பகுதி பழுதாகியிருந்தது. பேச்சுக்கு மூளையில் இடமுண்டு என்பது அதற்குப் பிறகுதான் உறுதியாகப் பேசப்பட்டது. 1892இல் பிராக் நகரில் ஆர்னோல்ட் பிக் என்ற வைத்தியர், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோன 71 வயது மனிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய மூளையின் இடது பக்கம் சுருங்கிப் போயிருந்தது. பிறகு நெடுங்காலம் இதில் பெரிய கவனம் இல்லை. 1982இல் பொஸ்டனில் மார்செல் மெசுலாம் ஆறு நோயாளிகளை விவரித்தார். பேச்சு தேய்ந்துகொண்டே போனது, மற்ற அறிவு நின்றது. 1987இல் அவர் வைத்த பெயர்தான் ‘பிரைமரி புரோகிரசிவ் அபேசியா’. 2011இல் வைத்தியர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: சொல் தேடித் தேடி நிற்பவர்கள், வாக்கியம் உடைந்து திணறுபவர்கள், சொல்லின் பொருளே போனவர்கள். மூன்றாவது வகையினர் சரளமாகப் பேசிக்கொண்டே “கத்தரிக்காய் என்றால் என்ன?” என்று கேட்பார்கள். நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அபேசியா என்று 2022இல் குடும்பத்தார் அறிவித்தபோதுதான் அந்தச் சொல்லை உலகமே கேட்டது.

இடையில் ஒன்று. பேச்சு ஒரே நாளில், திடீரென்று போனால் அது பாரிசவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பேச்சு சிகிச்சை என்றதும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் திக்கும் பிள்ளைதான் ஞாபகம் வரும். அந்தத் தொழில் வளர்ந்ததில் யுத்தங்களுக்குப் பெரிய பங்குண்டு. முதலாம் உலகப் போரில் தலையில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கத்தான் பலர் இதில் இறங்கினார்கள். ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கு (அப்போது இலங்கைக்கும் அவர்தான் மன்னர்) திக்கலைப் பழக்கித் தணித்த லயனல் லோக், அதற்கு முன் அவுஸ்திரேலியாவில் சிப்பாய்களுக்கு உதவியவர். பிரித்தானியாவில் பேச்சு சிகிச்சையாளர்களின் கல்லூரி 1945இல் உருவானது.

இவ்வளவு இருந்தும் டிமென்ஷியாக்காரரை அவர்களிடம் அனுப்புவது நெடுங்காலம் அரிது. எப்படியும் தேயப்போகிற பேச்சுக்கு எதற்கு வகுப்பு என்ற எண்ணம்தான். எங்கள் பார்வையில் இது கொடுமையான கணக்கு. நீரிழிவும் முற்றாக மாறாது, அதற்காக மருந்தை நிறுத்துகிறோமா? கடந்த சில பத்தாண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகக் கண்டார்கள். நோயாளி அன்றாடம் பாவிக்கிற சொற்களை, அவர் வீட்டுப் போட்டோக்களோடு விடாமல் பழகினால் அவை சில காலம் தங்குகின்றன. பழக்கத்தை விட்டால் நழுவுகின்றன. லண்டனில் அன்னா வொல்க்மர் குழுவினர் நோயாளியோடு பேசுகிற மனைவிக்கும் மகளுக்கும்கூடப் பயிற்சி கொடுக்கிறார்கள்: எப்போது காத்திருப்பது, எப்போது சொல்லை எடுத்துக் கொடுப்பது என்று. சிகாகோவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வீடியோ அழைப்பிலேயே சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆளில்லாத ஊர்களுக்கு அதுதான் வழி.

எங்கள் நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் 1997இல் இதற்கு டிப்ளோமா தொடங்கியது, 2008இல் பட்டப்படிப்பானது. புத்தளம் ரயில் பாதை பிரிகிற அதே றாகம. ஆனால் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்னும் மிகக் குறைவு. மற்ற வைத்தியத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்கலாம், இதில் மொழிதான் மருந்து. ஏ.எல். முடித்து என்ன படிப்பதென்று கேட்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரத்துல் பாத்திஹாவைப் பிழையில்லாமல் ஓதுகிறவர் பேரனின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றால், “நடிக்கிறார்” என்கிறோம். நடிப்பல்ல. நெடுங்காலம் ஓதிப் பழகியது வேறு வழியில் வருகிறது. சொந்தமாகப் பேச முடியாதவரும் பழகிய தொழுகை வாசகத்தைச் சொல்வார் என்று லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. அதோடு கிளினிக்குக்கும் கூட்டிப்போய், பேச்சு சிகிச்சைக்குத் துண்டு கேளுங்கள்.

போகும்போது ஒரு கொப்பி கொண்டு போங்கள். அச்சடித்த படப் புத்தகங்களில் அப்பிளும் அணிலும் இருக்கும், எங்கள் மூத்தம்மாமார் தேடுகிற சொல் ஒடியலாக இருக்கும், வளவாக இருக்கும், விட்டு வந்த தெருவின் பெயராக இருக்கும். தில்லையடியில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாவிட்டால் எப்படி எடுத்துக் கொடுப்பது? அவர்கள் நன்றாகப் பேசுகிற இப்போதே ஃபோனை எடுத்து, அவர்கள் குரலிலேயே ரெக்கோர்ட் பண்ணி வையுங்கள். ஆட்களின் பெயர், சாப்பாடு, கடல், தெரு என்று கேட்டுக் கேட்டு எழுதுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் இருந்தால் போதும்.