விளக்கு குடித்த எண்ணெய்

கையடக்கக் கணக்குப்பொறியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அது போட்ட கணக்கைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அதன் விளக்கின் கதைதான் சுவையாகப் படுகிறது.

1972-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹியூலெட்-பக்கார்ட் கம்பெனியார் ஹெச்.பி. 35 என்ற பொறியை 395 டாலர் விலையில் வெளியிட்டார்கள். முப்பத்தைந்து பொத்தான்கள் இருந்ததால் அந்தப் பெயர். சட்டைப் பையில் அது அடங்க வேண்டும் என்பது ஹியூலெட்டின் பிடிவாதம். சட்டைப் பையில் எத்தனை பெரிய பாட்டரியை வைக்க முடியும்? விடையைக் காட்டும் சிவப்பு விளக்குகளோ மின்சாரத்தை மடக் மடக்கென்று குடித்தன. ஆகவே விளக்குகளைப் பொடிப்பொடியாகச் செய்து, மேலே பூதக்கண்ணாடி போல் லென்ஸ் வைத்தார்கள். எண்களை ஒருசேர எரியவிடாமல், ஒன்று அணைய ஒன்றாக, கண் ஏமாறும் வேகத்தில் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். இருட்டில் பொறியை வீசி ஆட்டினால் எண்கள் துண்டு துண்டாகச் சிதறும். பழுதென்று பதற வேண்டாம், அத்தனையும் சிக்கனம்!

அதே ஆண்டு இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் இன்னும் துணிந்தார். அவருடைய 'எக்ஸிக்யூடிவ்' ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனம்தான். பித்தான் போன்ற பாட்டரிகளுக்குத்தான் அதில் இடம். மூளைக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விட்டார்கள். ஊஞ்சலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தாலும் அது ஆடிக்கொண்டிருக்கிறதல்லவா? அதுபோல, மின்சாரம் நின்ற கணத்திலும் மிச்சமிருந்த மின்னேற்றம் கணக்கைக் காப்பாற்றியது. ஸோவியத் ராஜதந்திரி ஒருவர் அணைக்க மறந்து, அவர் சட்டைப் பையிலேயே இது வெடித்ததாக ஒரு கதை உலவுகிறது. கதையாகவே இருக்கட்டும்.

1973-இல் ஜப்பானின் ஷார்ப் கம்பெனி ஈ.எல். 805 பொறியில் விளக்கையே ஒழித்துவிட்டது. திரவப் படிகம் தானாக ஒளிவிடாது; அறையின் வெளிச்சத்தைக் கொண்டே எண்ணைக் காட்டும். ஒரே பென்சில் பாட்டரியில் 100 மணி நேரம் ஓடியது. இருட்டில் படிக்க முடியாது என்பது அதற்குக் கொடுத்த விலை.

ஆனால் விளக்கானாலும் படிகமானாலும், எண்ணை ஏழு கோடுகளால் எழுதுவதில் ஓர் அபாயம் உண்டு. நடுக்கோடு செத்தால் 8 பூஜ்யமாகிவிடும். வலது மேற்கோடு செத்தால் 6. மேற்கோடு போனால் 7, ஒன்றாகிவிடும். முழுதும் அணைந்த பொறி யாரையும் ஏமாற்றாது. அரைகுறையாக எரிகிற பொறி கூசாமல் பொய் சொல்லும். மளிகைக் கணக்கானால் சண்டையோடு போகும். பாலத்துக்கு இரும்பு கணக்கிடுகிறவர் கதி? விஷயம் தெரிந்தவர்கள் முதலில் வரிசையாக 8 அடித்து, எல்லாக் கோடும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குவார்கள்.

இதனால்தான் ஹெச்.பி. 35-ஐ அமைத்தவர்களிடம் எனக்குத் தனி மதிப்பு. பாட்டரி தீரப் போகும்போது அதில் எல்லாத் தசமப் புள்ளிகளும் ஒருங்கே எரியும். அப்படியானால் உண்மையான புள்ளி எது? அதற்கு மட்டும் ஓர் எண்ணின் இடம் முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள், குழப்பமே வராது. அதன்பின் இரண்டு முதல் ஐந்து நிமிஷம் வரை பொறி ஓடும். விடையைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள அது தாராளம்.