பூநாரையும் கிடாரியும்

தருமம் என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை உண்டியலும் ரசீதுப் புத்தகமும்தான். கேட்பவர் குரல் சற்றே தாழ்ந்திருக்கும். கொடுப்பவர் முகம் சற்றே இறுகியிருக்கும். சிரித்துக்கொண்டே கேட்கவும் சிரித்துக்கொண்டே கொடுக்கவும் கூடுமா? கூடும் என்று காட்டியவர்களுள் அமெரிக்க நாட்டு மாதர் சங்கத்தாரும் உண்டு. அவர்கள் வரலாற்றை நம் பங்கு மக்கள், சிறப்பாக நம் தாய்மார்கள், அறிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

சங்கம் பிறந்த கதை

1868-ஆம் ஆண்டு. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நியூயார்க் வந்திருந்தார். அந்நகரப் பத்திரிகையாளர் மன்றம் அவருக்கு விருந்தளித்தது. பத்திரிகையில் எழுதிவந்த பெண்களுக்கு அவ்விருந்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஜேன் கன்னிங்ஹாம் குரோலி. அவர் வருந்தி வீட்டில் உட்காரவில்லை. அதே ஆண்டில் தோழியரைச் சேர்த்துப் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, அதற்குச் 'சோரோசிஸ்' என்று பெயரிட்டார். பல பூக்கள் ஒன்றாய் இணைந்து ஒரே கனியாவதைத் தாவர நூலார் இப்பெயரால் குறிப்பர். நம் பலாப்பழம் அத்தகையதே.

அச்சங்கத்தின் 21-ஆம் ஆண்டு விழா 1889-இல் நடந்தபோது நாடெங்குமுள்ள மாதர் சங்கங்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் வந்தன. மறு ஆண்டு, 1890-இல், மாதர் சங்கங்களின் பொதுக் கூட்டமைப்பு உருவாயிற்று. அமெரிக்க ஊர்களில் இன்றும் உள்ள பொது நூலகங்கள் பல, இப்பெண்கள் வீடுவீடாய்ச் சென்று புத்தகமும் பணமும் திரட்டித் தொடங்கியவையே.

பிளாஸ்டிக் பறவை

கோடியக்கரைக்கு வந்திறங்கும் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த இளஞ்சிவப்பு அழகை மறக்கமாட்டார்கள். 1957-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெமின்ஸ்டர் நகரில் டான் பெதர்ஸ்டோன் என்ற இளைஞர், தாம் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலைக்காகப் பூநாரை உருவம் ஒன்றைச் செய்தார். கம்பிக் காலுடன் புல்தரையில் ஊன்றி வைப்பதற்கான அலங்காரப் பொம்மை அது. மக்கள் விரும்பி வாங்கினார்கள். நாகரிகம் பேசியவர்களோ ரசனையற்ற பொருள் என்று எள்ளி நகைத்தார்கள். 1979-இல் மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் 1,008 பூநாரைகளை ஒரே இரவில் குன்றின்மேல் நட்டு ஊரையே சிரிக்க வைத்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2009-இல், அந்நகர மன்றம் பிளாஸ்டிக் பூநாரையையே தங்கள் நகரப் பறவையாக அறிவித்தது!

இந்தக் கேலிப் பொருளைத்தான் மாதர் சங்கங்களும் தேவாலயக் குழுக்களும் தருமத்திற்குக் கருவியாக்கிக் கொண்டன. விளையாட்டு இதுதான்: இருட்டிய பிறகு சங்கத்தார் சிலர் ஒரு வீட்டு முன்வாசலில் பூநாரைகளைக் கூட்டமாய் நட்டுவிட்டு ஓசையில்லாமல் போய்விடுவார்கள். காலையில் கதவைத் திறக்கும் வீட்டுக்காரர் திகைப்பார். பறவைகளோடு ஒரு சீட்டும் இருக்கும்: 'இன்ன நற்பணிக்காக வந்திருக்கிறோம். காணிக்கை தந்தால் பறந்துவிடுவோம். அடுத்து யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையும் தாங்களே சொல்லலாம்.' வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பணம் கொடுத்துத் தம் நண்பர் பெயரைச் சொல்வார். மறுநாள் காலை திகைப்பது அந்த நண்பரின் முறை. தம் வீட்டுக்கு வரவே கூடாது என்பவர் முன்கூட்டியே காணிக்கை செலுத்தி விலக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கிடாரியின் பயணம்

இப்படிச் சேரும் பணம் உள்ளூர்த் தேவைக்கும் போகும், உலக வறுமை ஒழிப்புக்கும் போகும். மாதர் சங்கக் கூட்டமைப்பு கைகோத்த உலகளாவிய நிறுவனங்களுள் ஒன்று ஹெஃபர் இன்டர்நேஷனல். கன்று ஈனாத இளம் பசுவாகிய கிடாரியே அதன் பெயர்.

அதன் நிறுவனர் டான் வெஸ்ட், சகோதரர் சபையைச் சேர்ந்த விவசாயி. ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரின்போது அங்கே சென்று பசித்த குழந்தைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இருந்த பால் எல்லாக் குழந்தைகளுக்கும் போதவில்லை. யாருக்குக் கொடுப்பது, யாரை வெறுங்கையோடு அனுப்புவது என்று முடிவு செய்யும் துயரம் அவர் தலையில் விழுந்தது. ஒரு குவளைப் பாலைவிட ஒரு பசுவைக் கொடுப்பதே வழி என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1944-இல் பதினேழு கிடாரிகள் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கப்பலேறின. முதலில் காணிக்கையாக வந்த கிடாரிகளுக்கு விசுவாசம், நம்பிக்கை, சிநேகம் என்றே பெயர் சூட்டினார்கள்.

பெறுபவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பசு ஈனும் முதல் கிடாரிக் கன்றை வேறொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊர்களில் மாட்டை வாரத்துக்கு விடும் வழக்கத்தை நாம் அறிவோம். அதில் மாட்டுக்காரருக்குக் கன்றிலோ வருமானத்திலோ பங்கு திரும்பி வரும். இங்கோ கன்று கொடுத்தவரிடம் திரும்புவதில்லை. தம்மைப் போன்ற இன்னொருவர் தொழுவத்துக்குப் போகிறது. நேற்று கையேந்தியவர் இன்று கொடையாளி ஆகிறார். ஏழைக்குப் பால் கிடைப்பது போலவே இந்தத் தலைநிமிர்வும் பெரிய காரியம் அன்றோ? வாசலுக்கு வாசல் போகும் பூநாரையும் தொழுவத்துக்குத் தொழுவம் போகும் கிடாரியும் ஒரே பாடத்தைச் சொல்லுகின்றன: கொடை ஓரிடத்தில் தங்கலாகாது.

ஓர் எச்சரிக்கை

ஆயினும் இவ்விளையாட்டில் ஓர் ஆபத்து இருப்பதை மறைத்தல் ஆகாது. கையில் காசில்லாத வீட்டு வாசலில் பறவைகள் நின்றால், அவற்றை அகற்ற இயலாத வெட்கம் ஊரறியத் தெரியும். உலக ஏழைக்கு உதவப் போய் பக்கத்து வீட்டு ஏழையின் மனத்தைப் புண்படுத்தினால் அது தருமமாகாது. ஆகவே, காணிக்கை அவரவர் விருப்பம், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பறவைகள் குறித்த நாளில் போய்விடும் என்று சீட்டிலேயே எழுதிவிடுவது நல்ல சங்கத்துக்கு அழகு.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டு வைத்த நம் பாட்டிமார்கள் இந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தார்கள். எவர் பானையில் எத்தனை பிடி என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நம் மாதர் சங்கத்தார் நாளை என்ன விளையாட்டை ஏற்பாடு செய்தாலும் நாம் மகிழ்ந்து கலந்துகொள்வோம். அந்த விளையாட்டில் எந்த வீட்டு வாசலும் தலைகுனியாதபடி மட்டும் பார்த்துக்கொள்வோமாக.